உப்பில்லாப் பத்தியமும் ஒரு டஜன் ரொட்டியும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உணவு ஆலோசகர்களிடம் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஓய்வு பெற்றவர்களைப் பேசக் கூப்பிடுவதில் ஒரு ஆபத்து உண்டு. செய்த தப்பையெல்லாம் வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, செய்த நல்லதை மட்டும் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். வலியசாலையிலிருந்து ஆட்டோவில் வரும்போதே நான் ஒன்று தீர்மானித்தேன். என் சாமர்த்தியத்தைப் பற்றி இன்று பேசப் போவதில்லை. அரை மணி நேரத்துக்கு என் தப்பு ஒன்றே தாராளமாகப் போதும்.

தொண்ணூறுகளின் நடுவில், மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் இந்த ஊரில் ஒரு இதய ஆஸ்பத்திரியில் இருந்தேன். பேர் வேண்டாம். இதயம் தளர்ந்து, கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வதுதான் என் முக்கியமான வேலை. உடம்பில் உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும். தண்ணீர் நின்றால் நொந்துபோன இதயம் இன்னும் திணறும். இதை ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய் ஒரு தாள் அச்சடித்தேன். ரோஸ் நிறம். ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். ஊறுகாய், பப்படம், கருவாடு, மோர்மிளகாய், உப்பு மாங்காய் எல்லாவற்றுக்கும் பெருக்கல் குறி. கீழே என் கையெழுத்து. டைரக்டர் அதைப் பார்த்துவிட்டு மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பலாம் என்றார். அன்று நான் தரையில் நடந்து வீட்டுக்குப் போனதாக ஞாபகம் இல்லை.

தாளைக் கொடுத்த பிறகும் சிலருக்கு வீக்கம் வடியாது. அவர்களுக்காக என் மேஜையில் ஒரு பதிவேடு இருந்தது. பேர், விலாசம், பக்கத்தில் ஒரே வரி: ‘சொன்னபடி கேட்பதில்லை.’ நான் சொன்னது சரியாக இருக்கிறபோது நோயாளி தேறவில்லை என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? நாக்கை அடக்கத் தெரியாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு, மத்தியானம் மாவடு தொட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவேன்.

செல்லப்பன் மூன்றாவது தடவையாக அட்மிட் ஆனது அந்தச் சமயத்தில்தான். செக்ரட்டேரியட்டில் லிஃப்ட் ஆப்பரேட்டர். அப்பா காலத்திலேயே நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பம். நாற்பத்தாறு வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. வால்வை மாற்றினால் பிழைப்பார், இல்லாவிட்டால் ஒரு வருஷம் தாண்டுவது கஷ்டம். நன்கொடையில் இலவசமாகக் கிடைக்கும் வால்வு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. வரிசையில் நிற்கிறவர்களோ ஏராளம். புது வால்வு வைத்தவர் ஆயுசு முழுக்க மாத்திரையும் பத்தியமும் தவறக் கூடாது. அதனால் சொன்னதைக் கேட்கிறவர்களுக்குத்தான் வால்வு என்பது எங்கள் கமிட்டியின் வழக்கம். கேட்கிறவரா இல்லையா என்று சனிக்கிழமைக் கூட்டத்தில் சாட்சி சொல்ல வேண்டியது நான்.

எட்டு மாதமாக உப்பில்லாப் பத்தியம், கையில் என் ரோஸ் தாள், ஆனால் மறுபடியும் கால் இரண்டும் வாழைத்தண்டு மாதிரி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வார்டில் எல்லோரும் பார்க்க அவர் மனைவி தங்கத்தைக் கூப்பிட்டு, ஒளித்து உப்புப் போடுகிறாளா என்று கேட்டேன். புருஷன்மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டு அவருக்குக் குழி வெட்டுகிறாய் என்றும் சொன்னேன். சொன்ன வாய்க்கு இன்றைக்கும் சர்க்கரை போட எனக்கு மனசு வரவில்லை.

தங்கம் அழவில்லை. என்னை நேராகப் பார்த்து, “எங்க வீட்டுல உப்பு வாங்கி எட்டு மாசம் ஆச்சு மேடம். அவருக்கு இல்லாதது நமக்கு எதுக்குன்னு பிள்ளைகளும் அப்படியேதான் திங்குது. நீங்க வேணும்னா வந்து அடுக்களையைப் பாத்துக்கிடுங்க” என்றாள்.

நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நம் தொழிலில் நாலு வருஷம் ஆனதும் எதிரே இருப்பவர் சொல்லும் உண்மை நமக்கு நடிப்பாகத் தெரியத் தொடங்கும். அதற்கு நாம் வைத்திருக்கும் பேர் அனுபவம்.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மனசாட்சி உறுத்தாமல் சாட்சி சொல்லலாமே என்று வியாழக்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், வார்டுக்குள் ஒரு துணித் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கெஸட்டட் ஆபீசர் இருக்க வேண்டிய இடமா அது? ஆனாலும் உட்கார்ந்தேன்.

இங்கே வெளியூர்க்காரர்கள் யாராவது இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இந்த ஊரில் ஆரோக்கியமாக இருக்கிறவன் ரொட்டி தின்ன மாட்டான். காய்ச்சல் வந்தால்தான் வீட்டுக்குள் ரொட்டி வரும். ஆஸ்பத்திரிக்கு ஒருவரைப் பார்க்கப் போனால் ஒரு ரொட்டி, ஒரு பிஸ்கட் பாக்கெட், நாலு ஆரஞ்சு. கல்யாணத்துக்கு மொய் மாதிரி அது ஒரு மரியாதை. ஒருவருக்கு ஊரில் எவ்வளவு செல்வாக்கு என்று தெரிய வேண்டுமானால் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரொட்டியைப் பார்த்தால் போதும்.

செல்லப்பனுக்கு அமோகமான செல்வாக்கு. இருபது வருஷமாக செக்ரட்டேரியட்டையே மேலும் கீழுமாகக் கொண்டுபோய் விட்டவர் அல்லவா? கிளார்க்கிலிருந்து ஜாயின்ட் செக்ரட்டரி வரைக்கும் வந்தார்கள். கை வீசிக்கொண்டு யாரும் வரவில்லை. கடைசியாக வந்த ஒரு டஃபேதார் இடுப்பிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்து மெல்லக் கட்டிலில் வைத்தார். நாரங்கா ஊறுகாய், அதாவது எலுமிச்சை ஊறுகாய், என்று என் மூக்கு சத்தியம் செய்தது. திரையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து அதைப் பிடுங்கிப் பிரித்தேன். ரொட்டி. மழையில் நனையாமல் இருக்க இடுப்பில் செருகி வந்திருக்கிறார் அந்த மனுஷர். வார்டே என்னைப் பார்த்தது. நல்லவேளை, யாரும் சிரிக்கவில்லை.

செல்லப்பன்தான் எனக்காக வெட்கப்பட்டார். எங்கள் ஊர் ஆபீஸ்களில் பெண் அதிகாரியையும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். “பதறாண்டாம் சாரே, ரொட்டியாக்கும். சாரு எழுதித் தந்ததுதான்” என்று தலையணைக்கு அடியிலிருந்து ரோஸ் தாளை எடுத்துக் காட்டினார். பெருக்கல் குறிகளுக்குக் கீழே என் கைப்பட ஒரு வரி இருந்தது: ‘சாதம் பிடிக்காவிட்டால், பசிக்கும்போது பால், ரொட்டி, பிஸ்கட்.’

ஒரு நாளைக்கு எத்தனை துண்டு என்று கேட்டேன். உப்பில்லாத சோறு தொண்டைக்குக் கீழே இறங்குவதில்லை, அதனால் பசிக்கும்போதெல்லாம் ரொட்டிதான், பத்து இருக்கும், பன்னிரண்டும் ஆகும் என்றார். பிஸ்கட் கணக்கில் வரவில்லை. வீட்டிலுமா என்று கேட்டேன். வீட்டிலும்தான். பிறகு வயிறு ஊதிக் காஸ் ஏறும்போது ஒரு தம்ளர் தண்ணீரில் நுரைத்துப் பொங்குகிற பொடி, தினம் மூன்று வேளை. அதுவும் நான் சொன்னதுதான். சோடாவில் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்ட நாரங்கா வெள்ளம் குடிக்கட்டுமா என்று அவர் முன்பு கேட்டபோது, ஐயோ உப்பா, அது வேண்டவே வேண்டாம், அந்தப் பொடியைக் கரைத்துக் குடியுங்கள் என்று ரொம்பக் கரிசனமாகச் சொல்லியிருந்தேன்.

“எனக்கு ஆர்டர்னா ஆர்டராக்கும் சாரே,” என்றார் செல்லப்பன். “லிஃப்ட்டுல எட்டு ஆள்னு எழுதியிருந்தா ஒம்பதாவது ஆள் மந்திரியானாலும் ஏத்தமாட்டேன். சாரு எழுதினதுல ஒரு வரி நான் தெத்திச்சிட்டில்ல.”

தெத்திப்பது என்றால் மீறுவது, தவறுவது. எட்டு மாதத்தில் ஒரு வரிகூட அவர் தவறவில்லை. பொடி டப்பாவைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இருப்பது என்ன என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. முதல் பேரே சோடியத்தில் தொடங்கியது. சோடியம் பைகார்பனேட். காலேஜில் அதற்கு நான் மார்க் வாங்கியிருக்கிறேன். உப்பில் கேடு செய்வது எதுவோ அதேதான் இங்கே வேறு ஒரு கூட்டாளியோடு வந்திருக்கிறது. நாக்குக்குக் கரிக்காது, அவ்வளவுதான். கரித்தால்தான் உப்பு என்று நினைக்க நான் எதற்குப் பட்டம் வாங்கினேன்?

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கரமனையில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்தேன். முதலாளி திருநெல்வேலிக்காரர். ரொட்டியில் உப்புப் போடுவீர்களா என்று கேட்டதும், எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்த்தார். உப்பு இல்லாவிட்டால் மாவு நிற்காது, படுத்துவிடும் என்றார். இனிப்பு ரொட்டியிலும் உண்டு. மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் இருக்க ஒரு பொடி, பிஸ்கட் பொரபொரவென்று வர சோடா உப்பு, சாஸ் பாட்டில் கெடாமல் இருக்க இன்னொன்று, பாக்கெட் சூப்பில் ருசிக்கு வேறொன்று. டப்பாக்களை எடுத்து எடுத்து வைத்தார். பாதிக்கு மேல் அதே முதல் பேர். “சீக்குக்காரங்களுக்குத்தானே மேடம் நிறைய வாங்கிட்டுப் போறாங்க? ஆஸ்பத்திரி வாசல்லதான் நல்ல வியாபாரம்” என்றார். பாவம், அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். நான் ஒரு மனுஷனின் சோற்றைக் குப்பையாக்கிவிட்டு, அந்த உப்பையெல்லாம் ரொட்டியில் வைத்து ஊட்டியிருக்கிறேன். ஊரும் தன் அன்பைக் காட்டுகிறேன் என்று எனக்கு ஒத்தாசை செய்திருக்கிறது. அவரை இன்னும் நாலு பேர் நேசித்திருந்தால் மூன்று மாதம் முன்னாலேயே போயிருப்பார்.

சனிக்கிழமை வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. ரொட்டியை அன்றே நிறுத்தியாகிவிட்டது. ‘நோயாளி இப்போது ஒத்துழைக்கிறார்’ என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு, தாளைச் சத்தமில்லாமல் திருத்தி மறுபடியும் அச்சடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? நானும் நல்லவள், அவரும் நல்லவர். ஆனால் ‘இப்போது’ என்று சொன்னால் கமிட்டி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மூன்று மாதம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கும். அந்த மூன்று மாதம் அவரிடம் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டு மாதமும் ஒழுங்காகப் பத்தியம் இருந்தார் என்று சொன்னால்தான் வால்வு. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் வீங்கியது?

கூட்டத்துக்குத் தலைவர் எங்கள் பெரிய டாக்டர். அவரும் நாகர்கோவில் பக்கம். அதிகம் பேசமாட்டார், பேசுகிறவர்களையும் அவருக்குப் பிடிக்காது. மேஜையில் டீயும் ஒரு தட்டு உப்பு பிஸ்கட்டும் வந்தன. செல்லப்பன் பேர் வந்ததும் பதிவேட்டைப் புரட்டி, சொன்னதைக் கேட்காதவர் என்று நீங்களே போன மாதம் எழுதியிருக்கிறீர்களே, இன்றைக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

ஒரு வாய் டீ குடித்தேன். பிறகு, “சொன்னதைக் கேட்டதாலதான் சார் வீங்கிப்போச்சு. தப்பு தாள்ல இருக்கு. தாள் என்னோடது” என்றேன். ரொட்டி, பிஸ்கட், பொடி எல்லாவற்றையும் சொன்னேன். டைரக்டர் தன் கையிலிருந்த பிஸ்கட்டை மெதுவாகத் தட்டில் திருப்பி வைத்தார். பெரிய டாக்டர் என் வரியைப் பேனாவால் அடித்துவிட்டு வால்வுப் பட்டியலில் செல்லப்பன் பேரை எழுதினார். என்னைத் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. பதிவேட்டை மூடாமல் அப்படியே என் பக்கமாகத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான்.

ரொட்டியை நிறுத்தி, கஞ்சியில் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் கொத்தமல்லியுமாகத் தங்கம் ஏதேதோ செய்து சாப்பிட வைத்தாள். மருந்து அதே மருந்துதான். பத்து நாளில் கால் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிந்தது. ஆபரேஷன் ஆனது. அடுத்த வருஷம் ஒரு வேலையாக செக்ரட்டேரியட்டுக்குப் போனபோது அவர் லிஃப்ட்டில் நான் ஒன்பதாவது ஆள். ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் படியேறிப் போனேன்.

இதோடு கதையை முடித்தால் கைதட்டிவிட்டு நீங்கள் எல்லோரும் டீ குடிக்கப் போகலாம். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அந்தப் பதிவேடு என் பக்கமாகத் திறந்தே கிடந்தது. செல்லப்பனைத் தவிர முப்பத்தொரு பேர். எல்லோர் பக்கத்திலும் என் கையெழுத்தில் அதே வரி. அதில் எத்தனை பேர் ஊறுகாய் தின்றார்கள், எத்தனை பேர் ரொட்டி தின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்டதே இல்லை. திரையைத் தள்ளிக்கொண்டு பாயக்கூட இல்லை.

முப்பத்தொரு பேருக்கும் கார்டு போட்டேன். நாமே போய்த் தப்பை எழுதிக் கொடுப்பானேன் என்று ஆபீஸ் சூப்ரண்டு தடுத்ததால் வீட்டு விலாசத்திலிருந்து எழுதினேன். ‘நான் கொடுத்த தாளில் ரொட்டி, பிஸ்கட் சாப்பிடலாம் என்று இருந்தது. அவற்றிலும் உப்பு உண்டு. தப்பு என்னுடையது. உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.’ சிலர் வந்தார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள், நியாயம்தான். சில கார்டுகள் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. கல்லாற்றிலிருந்து மட்டும் ஒரு கடிதம் வந்தது. அங்கே பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது, அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று அவர் மகன் எழுதியிருந்தான்.

போகாமல் இருக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு பொன்முடி பஸ் ஏறிப் போனேன். அடி கிடைத்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன். கடைக்குள் அந்த அம்மா ஒரு பெஞ்சைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னாள். கார்டு அவள் கையில் இருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மகன் வாசித்துக் காட்டியதை நம்பாமல் என்னையே ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். ரொட்டி தின்றதால்தான் அவர் போனார் என்று நான் சொல்ல முடியாது, இதயம் முன்னமே ரொம்பக் கெட்டிருந்தது என்றேன். அதை அவள் காதில் வாங்கவில்லை.

“அப்போ அவரு உப்பு கட்டுத் திங்கல்ல. கள்ளம் பறயல்ல. அல்லே?” என்று கேட்டாள்.

இல்லை, அவர் திருடித் தின்னவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை என்றேன்.

“நீங்கதானே மேடம் அன்னைக்கு வார்டுல வச்சு என்கிட்டச் சொன்னீங்க, அவரு ஒளிச்சுத் திங்குறாருன்னு? படிச்சவங்க சொன்னா பொய்யாவுமான்னு நான் நம்பிட்டேன்,” என்றாள். “நான் திங்கல்ல, நான் திங்கல்லன்னு அவரு சத்தியம் பண்ணினாரு. கடைசி ஒரு வாரம் நான் அவருகிட்ட ஒரு வார்த்தை பேசல்ல, மிண்டவே இல்ல.”